கடைசி பஸ் எட்டு இருபது

எல்லாக் காலத்துக்கும் பிடித்த படம் பத்து
எழுதிக் கொடுங்கள் என்று
கோடு போட்ட தாளை நீட்டிவிட்டுப் போனான்
எஸ்டேட் டிரைவர் மகன்.
எழுதலாம்.
ஒன்றுக்கும் முடிவு தெரியாது எனக்கு.

சேலத்திலிருந்து மலைக்குக் கடைசி பஸ் எட்டு இருபது.
முதல் ஆட்டம் விடுவது ஒன்பதேகால்.
சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடித்து
இறங்கி வருவதற்குள் மேட்னியும் போய்விடும்.
இந்தக் கணக்கை மீறி எந்தக் கதாநாயகனும்
என் கண்ணெதிரே ஜெயித்ததில்லை.

ரயில்வே கேட்டில் கடிதத்தோடு ஒருத்தி நிற்பாளே,
அந்தப் படம் முதலில்.
கேட் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.
'தலையைக் குனிய்யா' என்றது பின்வரிசை.
நாற்பத்து நாலு வருடமாக அங்கேயே நிற்கிறாள்.
கறுப்பு வெள்ளைப் படம்தான்.
ஆனாலும் சேலை மஞ்சள் என்று
சத்தியம் செய்வேன்.

அடுத்து, கொலை வழக்குப் படம்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், வாயைத் திறந்தார்.
நான் வாசலில் முறுக்குக்காரனைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே
ஒளிந்திருந்த மாப்பிள்ளைக்குத்
தும்மல் வந்துகொண்டே இருந்தது.
வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஃபிலோமிக்கும் அதே பஸ்தான்.
வேறொரு தியேட்டரிலிருந்து,
வேறொரு படத்தின் முக்கால்வாசியிலிருந்து
ஓடி வருவாள், செருப்பிரண்டும் கையில்.
அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை மூச்சு வாங்கும்.
அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி
முதல் கொண்டை ஊசியில் நான் ஆரம்பிப்பேன்.
மூன்றாவதில் குறுக்கே பேசுவாள்.
'அந்தத் தம்பிக்காரனை விடாதீங்க,
முழியே சரியில்ல' என்பார்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும் முன்சீட்டுக்காரர்,
எந்தப் படம் என்றுகூடக் கேட்காமல்.
கண்டக்டர் அங்கப்பன் எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைப்பார்.
இருபதாவது வளைவுக்குள் முடித்தாக வேண்டும்,
ஒண்டிக்கடையில் அவள் இறங்கிவிடுவாள்.

நீதிபதியைக் கூண்டில் ஏற்றியது ஃபிலோமிதான்,
பதினாலாவது வளைவில்.
தீர்ப்பெழுதும் பேனா செத்தவனுடையது என்றாள்.
பனிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே
டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
கேட்டில் நிற்கிறவளை
அதே ரயிலில் ஏற்றி அனுப்பலாம் என்றாள்.
'கேட்டில் ரயில் நிற்காதே.'
'இதில் நிற்கும்.'

அந்த ஐப்பசியில் ஏழாவது வளைவில் மண் சரிந்தது.
மேலே பஸ் இல்லை.
முதல்முறையாக ஒரே தியேட்டர், ஒரே வரிசை.
ஒன்பதேகாலுக்கு வணக்கம் போட்டார்கள்.
விளக்கு வந்ததும் எல்லோரும்
பழக்கப்பட்டவர்களாக எழுந்து போனார்கள்.
எங்களுக்கு எப்போது எழுவது என்று தெரியவில்லை.
விடியும்வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்
இரண்டு டீ, அப்புறம் இன்னும் இரண்டு.
'முடிஞ்சிருச்சே' என்றாள்,
பர்ஸைத் தொலைத்தவள் மாதிரி.
சித்திரையில் ஓசூருக்கு மாற்றல் வந்தது அவளுக்கு.

இப்போது போனில் எல்லாமே முழுசாக இருக்கிறது.
போன வாரம் நீதிபதியைத் தேடிப் பிடித்தேன்.
கழற்றினார், துடைத்தார், வாயைத் திறந்தார்:
'குற்றம் நிரூபிக்கப்படவில்லை.'
அவ்வளவுதான்.
ஓரத்தில் ஒரு போலீஸ்காரர்
கொட்டாவியை அடக்குவது தெரிந்தது.
ரயில்வே கேட்டை நான் தொடவில்லை.

ஒன்பது எழுதியாயிற்று.
பத்தாவது,
மண் சரிந்த அன்றைக்குப் பார்த்தது.
பேர் நினைவில்லை. கதை நினைவில்லை.
யார் நடித்தார்கள் என்றால் விழிப்பேன்.
விளக்கு வந்தபோது
குனிந்து பார்த்தது மட்டும் இருக்கிறது:
செருப்பிரண்டும் அவள் காலில்
வார் மாட்டியபடியே இருந்தன.