ஐந்நூறு மீட்டர்

பொகோட்டாவில் தூறல் ஓயாத ஒரு செவ்வாய்க்கிழமை.
என் பையில் நூற்றுப்பதினெட்டு உறைகள்.
உள்ளே ஒரே கடிதம், தொகை மட்டும் வேறு வேறு:
ரயில் வருவதால் தங்கள் நிலம் விலையேறியது.
ஏறியதில் ஒரு பங்கை
ரயிலுக்கே தருக.

தூண்கள் பாதிதான் எழுந்திருக்கின்றன.
உச்சியில் நீட்டிய கம்பிகள்
மழையில் துருவேறுகின்றன.
தண்டவாளம் இன்னும் காகிதத்தில்தான்.
விலைக்குத் தண்டவாளம் வேண்டாம்,
அது எப்போதோ வந்து இறங்கிவிட்டது.

நிலையம் வரப்போகும் புள்ளியில் ஊசியூன்றி
ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வட்டம்.
வரைந்தவன் நான்தான்.

முதல் கதவு, தோன் எவரார்தோ.
இருபத்திரண்டு வருடமாகப் பூட்டிய காலிமனை.
ஒரு செங்கல்லை இடம் மாற்றி வைத்ததில்லை மனிதர்.
உள்ளே ஆளுயரக் காட்டாமணக்கும்
யாரோ விட்டுப்போன கொதிகலனும்
இன்றைக்கு மூன்று மடங்கு பெறும்.
கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்:
"பகல் கொள்ளை."
யார், யாரிடம் என்று நான் கேட்கவில்லை.
அதற்கு எனக்குச் சம்பளமில்லை.

இரண்டு வீடு தள்ளி நூபியாவின் ரொட்டிக்கடை.
கடை அவளுடையதல்ல, அடுப்பு மட்டும் அவளுடையது.
உறையை மாடியில் இருக்கும் உரிமையாளர் வாங்கிக்கொண்டார்.
அவளுக்கு அது வாடகையாக இறங்கும்.
போன மாதமே ஒரு தவணை இறங்கிவிட்டது.
"உங்கள் கணக்கில் நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்?"
படிவத்தைப் புரட்டினேன்.
அகலம், ஆழம், மூலைமனையா, நிலையத்துக்குத் தூரம்.
விடிகாலை மூன்றுக்கு மாவு பிசைபவளுக்குக் கட்டம் இல்லை.
சூடு ஆறாத சீஸ் உருண்டையைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள்.
இது லஞ்சமா என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

வட்டம் முடியும் இடத்தில் ஒரு பொதுச்சுவர்.
இந்தப் பக்கம் ஒப்தூலியா, அந்தப் பக்கம் தங்கை எதெல்வினா.
அக்காவுக்கு உறை உண்டு, தங்கைக்கு இல்லை.
வரி வந்துவிட்டதென்று அக்கா அழுதாள்.
வரவில்லையென்று தங்கை அதைவிட உரக்க:
"என் வீட்டை மட்டும் ரயிலுக்குத் தெரியாதா?
நான் என்ன, ஒரு சுவர் தாண்டி
நடக்க முடியாதவளா?"

இந்த வரியை நம்புகிறவன் நான், சொல்லியாக வேண்டும்.
பயணச்சீட்டுச் சில்லறையை நம்பி
இவ்வளவு தூண் எழும்பாது.
மலைச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து
இரண்டு மணி நேரம் பேருந்துக் கம்பியில் தொங்கி
வேலைக்கு வருகிறார்களே,
அவர்கள் நாளை இங்கே இறங்குவார்கள் என்பதுதான்
எவரார்தோவின் காட்டாமணக்குக்கு விலை.
ஏறிய விலையில் கொஞ்சம்
அவர்கள் ஏறும் வண்டிக்குப் போகட்டும்.
இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
சீஸ் உருண்டை மட்டும்
தொண்டையில் கொஞ்சம் நின்றது.

திரும்பும் வழியில் நூபியா பலகையை இறக்கிக்கொண்டிருந்தாள்.
வேறு கடை பார்த்துவிட்டாளாம்,
கடைசி நிலையத்தையும் தாண்டி, நாற்பது நிமிடம்.
"இரண்டாம் கட்டத்தில் அங்கேயும் ரயில் வரும்" என்றேன்,
ஆறுதலாக இருக்கட்டுமென்று.
"அப்படியா?" என்றாள்.
"அப்போ அங்கிருந்தும் கிளம்பணும்."

பையில் ஓர் உறை மீந்திருந்தது.
நனைந்து, பெயர் அப்படியே இருக்க
தொகை மட்டும் கரைந்து.
நாளை மறுபடி அச்சடித்துத் தருவார்கள்.
பேருந்து வந்தது. உட்கார இடமில்லை.