ஒன்றுக்கு இருபத்து நாலு

பகல் முழுக்க நொறுங்கின கார்கள் எனக்கு.
நாங்குநேரி டோல்கேட் தாண்டி ஒன்று,
கங்கைகொண்டானில் கன்டெய்னருக்கு அடியில் ஒன்று,
மூன்றடைப்புப் பக்கம் மாட்டுக்காக ஒடித்துப்
புளியமரத்தில் ஏறினது ஒன்று.
டேப் பிடித்து அளப்பேன். போட்டோ எடுப்பேன்.
இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுவேன்:
இரும்புக்கு வயசுப்படி தேய்மானம்,
பிளாஸ்டிக்குக்குப் பாதிக்குப் பாதி,
கண்ணாடிக்கு மட்டும் ஒன்றும் கழிப்பதில்லை.

ராத்திரி வண்ணார்பேட்டை வீட்டில்
சாப்பிட்டுக் கழுவின கையோடு
மேஜையில் பழைய பேப்பர் விரித்து
ஒரு காரை முழுசாக்குவேன்.

ஜப்பான் பெட்டி. நூற்றுச் சொச்சம் பாகங்கள்.
முருங்கை ஈர்க்கில் இலை நிற்கிற மாதிரி
பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாக நிற்கும்.
பெயர் கிடையாது, நம்பர்தான்.
பி-பன்னிரண்டு என்றால்
முன்சக்கரத்தைத் தாங்குகிற இடது கை.
நறுக்கி, மிஞ்சின முளையைப் பிளேடால் சீவி
பசை ஒரு பொட்டு.
உண்மையில் அது ஒட்டுவதில்லை, உருக்குகிறது.
இரண்டு பக்கமும் கொஞ்சம் கரைந்தால்தான்
பிடிமானம் நிற்கும்.
இதைக் கல்யாண வீட்டு மைக்கில் சொல்லலாம்,
எனக்குத் தைரியம் கிடையாது.

என் உயரம் அந்தக் கணக்கில்
ஏழு சென்டிமீட்டர்.
மூன்றடைப்புப் புளியமரம்
என் இடுப்பு வரை வரும்.

‘சவத்த மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க,
அவியல்ல தின்னர் வாடை அடிக்கு’
என்றாள் உலகம்மை.
ஆனி முழுக்கப் பெயிண்ட் அடிக்க முடியவில்லை.
கயத்தாறில் காற்றாடி சுற்றினால்
என் மாடியில் மண் பறக்கும்.
ஆடி, ஆவணி, தம்பிடி அசையாமல்
சாம்பல் பிரைமரோடு காத்துக் கிடந்தது கார்.
எல்லாக் காரும் உள்ளே சாம்பல்தான்,
சுரண்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை.
விட்டதும் காற்று செத்துப்போன சாயங்காலம்.
முதல் பூச்சு, மூச்சு விட்ட கண்ணாடி போல.
இரண்டாவதில் மேனி தெரிந்தது.
மூன்றாவதை ஈரமாக, நிறுத்தாமல்,
விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்தேன்.
டப்பா மூடியில் இத்தாலிச் சிவப்பு என்றிருந்தது;
எனக்கு அது கோவைப்பழம்.
செருப்புப் பெட்டியால் மூடப் போகிறேன்,
தெருவிளக்கைப் பார்த்து வந்த ஒரு ஈசல்
பானெட்டில் இறங்கியது.

இறக்கை இரண்டை விட்டுவிட்டு
நடந்து போய்விட்டது.

ஆத்திரம் தீர ரிப்போர்ட் எழுதினேன்:
விபத்துக்குக் காரணம், ஈசல் ஒன்று.
வாகனத்தின் வேகம், நின்ற நிலை.
டிரைவர் இல்லை, பெட்டியிலேயே வரவில்லை.
முழுசும் பிளாஸ்டிக், ஆகையால் பாதிக்குப் பாதி.
இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளை
கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
காலையில் தேய்த்து, மறுபடி அடிக்கணும்.

காலையில் போன் வந்தது, பணகுடியிலிருந்து.
அதே சிவப்பு என்று சொல்ல மாட்டேன்,
வெயிலில் வெளுத்திருந்தது.
மைத்துனர் ஒருத்தர் என் கூடவே சுற்றி வந்தார்.
‘சரி பண்ணிரலாமா சார்?’
வண்டியை மட்டும்தான் கேட்டார்.
இருபதடி தள்ளி, ரோட்டோரம், அருகம்புல்லில்
அந்த இடது கை கிடந்தது,
சட்டத்திலிருந்து நறுக்கி வைத்த மாதிரி
அவ்வளவு சுத்தமாக.
எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்.
எங்கே சேரும் என்று எனக்குத் தெரியும்.
டிக்கியில் போட்டுவிட்டு
டோட்டல் லாஸ் என்று எழுதினேன்.

ராத்திரி உப்புத்தாள் ஊறித் தொளதொளத்திருந்தது.
விளக்கைச் சாய்த்தேன்.
கோவைச் சிவப்புக்கு அடியில்
நரம்பு நரம்பாக இறக்கை.
புறங்கையால் தொட்டேன், காய்ந்திருந்தது.
உலகம்மை குனிந்து பார்த்தாள்.
‘என்ன இது, கண்ணாடியா?’
ஆமாம், அதுக்குக் கழிவு கிடையாது என்றேன்.
‘சரி, மேஜையைக் காலி பண்ணுங்க.
மாவு புளிக்கு.’