சரி, ரத்து

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
இடப்பக்கம் மூன்றாவது ஜவ்வரிசி ஆலை.
எடைமேடை அறையில் சாந்தலட்சுமிக்குப் பின்னால்
காலிப் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் நோட்டு.
ஒரே விதி: வாய் திறக்கக் கூடாது.

லாரி ஏறுகிறது. மேடை முனகுகிறது.
மரவள்ளி, பதினோரு டன் சொச்சம்.
திரைக்கு மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடிக்கிறாள்.
நாகரிகம் என்று நாங்கள் வைத்த வெளிர்சாம்பல் எழுத்து
களத்தில் காயும் மாவின் வெளிச்சத்தில்
கரைந்து போயிருக்கிறது.
அந்த நிறத்துக்காக ஒன்பது பேர்
நாலு நாட்டிலிருந்து
பதினேழு நாள் சண்டை போட்டோம்.
ஒருத்தரும் வெயிலில் வைத்துப் பார்க்கவில்லை.

'தரம்' என்று கேட்கிறது பெட்டி.
முதல், இரண்டு, மூன்று.
அவள் திரையையே கேட்கிறாள்:
"பாயிண்டு எங்கடா போடறது?"
மாவுச்சத்து இருபத்தேழரை பாயிண்டு.
விலையே அதில்தான் நிற்கிறது.
அந்த அரைக்கு எங்கள் நிரலில் இடமில்லை.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில் குறித்துக்கொள்கிறாள்.
நான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

வண்டி நம்பர் தப்பு. அழிக்கப் போனால்
நடுத்திரையில் வந்து நிற்கிறது
நானே, என் கையால், ஒரு நள்ளிரவில்
மொழிபெயர்த்த வரி:
இந்தச் சீட்டை ரத்து செய்யவா?
கீழே இரண்டு பொத்தான்.
சரி. ரத்து.

டிரைவர் மாதப்பன் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்.
"ரத்துன்னா ரத்துதானே, அமுக்கும்மா."
அமுக்கினாள். சீட்டு அப்படியே இருந்தது.
மறுபடி.
மறுபடி.
பின்னால் மூன்று லாரிகளின் ஹாரன்.
புளித்த மாவுத்தண்ணீர் வாசம்
போக வழி தெரியாமல் அறைக்குள் நின்றது.

"எனக்குக் கம்ப்யூட்டர் வராதுங்க" என்றாள்
திரும்பாமல்,
தப்பு அவளுடையது போல.
அதை மட்டும் நோட்டில் எழுத முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து:
"இது காசில்லாம குடுக்கறதாமே.
யாரு வேணா பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம்னு
முதலாளி சொன்னாரு.
அப்ப நல்லால்லைன்னா
யாரைப் போய்த் திட்டறது?"

விதியை மீறினேன்.
"என்னை."

அப்போதுதான் திரும்பினாள்.
நோட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள்.
ஜன்னல் வழியே கை நீட்டி
லாரிகளை இருக்கச் சொன்னாள்.
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அப்ப எழுதிக்கங்க."