எல்லாம் ஒரே பெட்டியில்

எல்லாம் உள்ளே இருக்கிறது என்றது அட்டை.
ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்,
நூற்றெழுபது டாலர்.
பின்பக்க வயர் மட்டும் இரண்டடி குறைந்தது.
வயருக்காக சோபாவை நகர்த்தினார் டெல்மர்.
டுலூத் தெருக்களில் பனி வாரும் லாரி ஓட்டிச்
சேர்த்த ஓவர்டைம் காசு, வீணாகலாமா?

இன்று விடுப்பு.
படத்தில் யாரோ பாலைவனத்தில் நடக்கிறார்கள்.
இடப்பக்கம் காற்று. வலப்பக்கமும் காற்று.
திடீரென முதுகுக்குப் பின்னால்
இரும்பு தரையை உரசியது, ஜன்னல் அதிர்ந்தது.
வெர்னா அவர் கையைப் பிடித்தாள்:
"அடேயப்பா, என்ன துல்லியம்!"

பதினாலாம் நம்பர் வண்டி. ஓட்டுவது கர்ட்டிஸ்.
அலகின் இடமுனையில் அந்த உடைசல்
போன ஜனவரியில் டெல்மரே இடித்தது.

தெருமுனையில் கியர் மாறும்வரை கேட்டிருந்துவிட்டு
"ஆமாம்" என்றார்,
ஒலியை ஒரு புள்ளி கூட்டி.