மதிப்பீட்டாளரின் இரண்டாம் வருகை

கொட்டாஞ்சேனையில் புயலடித்த மறுநாள்
மிஸிஸ் கண்டப்பாவின் பின்வளவுக்குப் போனேன்,
கையில் கோப்பு, கழுத்தில் காப்புறுதிக் கம்பனி அட்டை.
பக்கத்து வீட்டு ஈரப்பலா வேரோடு சரிந்து
குசினிக் கூரையில் முழங்கை ஊன்றிக் கிடந்தது.
சீட் பதினொன்று.
தண்ணீர்த் தாங்கி ஒன்று.
பீலி இருபது அடி.
எழுதிக்கொண்டேன்.

"இதையும் எழுதுங்கோ" என்றா.
மதிலோரம் ஒரு கொக்கோ மரம்.
ஈரப்பலாவின் நிழலில் முளைத்து
நிழலிலேயே ஆளானது.
முழு வெயிலை
அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

விழவில்லையே, முறியவும் இல்லையே என்றேன்.
"குடை போயிட்டுதே, தம்பி."

படிவத்தில் நிழலுக்கு நிரல் இல்லை.

இந்த ஊரில் செடிகொடிகள் பிழைக்கிற விதம்
பஸ் ஜன்னலால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.
வெள்ளவத்தைக் கடற்பக்கத்து வாழை
காற்றோடு வழக்காடுவதில்லை,
இலையை நாடா நாடாவாய்க் கிழித்துக் கொடுத்துவிடும்.
அரசிலை வால்நுனியால் மழையை வழித்திறக்கும்.
பஸ்ஸில் பிடி கிடைக்காதவள் மாதிரி
கால்களை அகட்டி நிற்கும் தாழை.
கந்தோர் விடுகிற நேரம்
தூங்குமூஞ்சி மரங்களும் இலையை மடித்துவிடும்.
கொக்கோவுக்கு இப்படி ஒன்றும் தெரியாது,
செத்துப்போகும் என்று நினைத்தபடி
கேட்டைச் சாத்தினேன்.

மூன்று மாதம் கழித்துப் போனது
ஒரு கையொப்பத்துக்காக.
புதுச் சீட். புதுத் தாங்கி.
மரத்துக்கு மேலே
நாலு மூலையும் கட்டிய பழைய மேசைவிரிப்பு,
அதில் கழுவிப் போகாத ரசக் கறை.

மேலிலைகள் தீய்ந்து உதிர்ந்திருந்தன.
அள்ளவில்லையா என்றேன்.
"அது மக்கவேணும்.
அதுக்குள்ளதான் பூவுக்கு வாற பொடி ஈ பிறக்குது."

தளிர்கள் செந்தவிட்டு நிறத்தில்
உயிரில்லாததுபோல் தொங்கின.
வாடிவிட்டது, பாவம், என்றேன்.
அவவுக்குச் சிரிப்பு.
பச்சையேறி முற்றும்வரை
வெயிலுக்கு முகம் கொடாதாம்.
முற்றிய இலை ஒன்றைப் பிடித்துக் காட்டினா:
காம்பின் இரு முனையிலும்
புடைத்த சிறு மூட்டு.
வெளிச்சம் கூடினால் சரியும்,
குறைந்தால் நிமிரும்.

பிறகு குனியச் சொன்னா.
கிளைநுனியில் இல்லை,
அடிமரத்தில், முழங்கால் உயரத்தில்,
பட்டையைப் பிளந்துகொண்டு
சட்டைப் பொத்தானிலும் சிறிய வெள்ளைப் பூக்கள்.
ஈ தாழத்தான் பறக்கிறது,
பூ இறங்கி வந்திருக்கிறது.

ஒரே ஒரு காய் பழுத்திருந்தது, மஞ்சளாய்.
"தானாய் விழாது.
குரங்கோ அணிலோ மனிசரோ
ஆரும் வந்து உடைக்கவேணும்."
கத்தியால் அறுத்துப் படிக்கல்லில் அடித்தா.
வெண்சதை நாலு விதையோடு என் கையில்.
முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு.
ஆசையில் ஒரு விதையைக் கடித்துவிட்டேன்.
அப்பா, என்ன கசப்பு!
எல்லாவற்றையும் துப்பினேன்,
எங்கே என்று பார்க்காமல்.

அவ பார்த்திருக்கிறா.
ஈரப்பலா நின்ற குழியோரம்,
விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்
அடையாளத்துக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு
வந்து கையொப்பமிட்டா.

கந்தோர் போய்ச் சேரும்வரை
படிவத்தின் மூலையில்
அவவின் பெருவிரல் பசை காயவில்லை.