இன்னும் இல்லை

எங்கள் படிவத்தில் மூன்றே விடைகள்:
ஆம். சில நேரம். இன்னும் இல்லை.
வெறும் 'இல்லை'யை அச்சிட மனம் வராத யாரோ
முன்னால் ஓர் 'இன்னும்' சேர்த்திருக்கிறார்கள்.
பத்து, ஐந்து, சுழியம் என்று
அதை எண்ணாக்குவது என் வேலை.

பிஸ்மார்க்கில் பிப்ரவரி.
எஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டு
மளிகைக் கடைக்குள் ஓடும் குளிர்.
நான்காம் மாடியில், என் திரையில்,
மேற்கே ஒரு மாவட்டம் மட்டும் சிவந்து கிடந்தது.
இரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பத்தொருவர்.
பதினெட்டாம் கேள்வி:
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குழந்தை படியேறுகிறதா?
முப்பத்து மூன்று சுழியங்கள்.

தண்ணீரில் ஈயமா என்றார் இயக்குநர்.
எண்ணெய்க் கிணற்றுப் புகையா என்றார் அவருக்கும் மேலே ஒருவர்.
அடுத்த வியாழனுக்குள் வரைபடம் வேண்டும்,
வண்ணத்தில்.

வண்டியை எடுத்தேன்.
அறுத்த சூரியகாந்தித் தாள்கள்
பனிக்கு மேல் மழிக்காத மோவாய்போல.
பட்டப்பகலில் எரிவாயுச் சுடர்கள்.
மாவட்ட நர்ஸ் மார்வா ஷெஃப்லர்
கேள்வியை முடிக்கவிடாமல் சிரித்தார்.
"படி எங்கே இருக்கிறது, ஏற?"

இல்லைதான்.
எண்ணெய் வேலைக்கு வந்தவர்களுக்குச்
சக்கரம் கழற்றிய தகர வீடுகள்.
வாசலில் மூன்று பலகை உண்டு,
அக்டோபரிலிருந்து அதில் பனி இறுகியிருக்கும்,
யாரும் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்குவதில்லை.
கைப்பிடி வைத்த படிக்கட்டு நீதிமன்றத்தில் ஒன்று.
பதினொரு படி.
விவாகரத்துக்கும் வண்டிப் பதிவுக்கும் ஏறுவது.

சனிக்கிழமை அதைத் திறக்கவைத்தார் மார்வா.
காவலாளி சாவியோடு நின்று பார்த்தார்.
ஏறினார்கள்.
தவழ்ந்து, குதித்து, கைப்பிடியை நக்கி,
ஒருவன் பாதியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு.
எல்லோரும் ஏறினார்கள்.

திங்களன்று பதினெட்டாம் கேள்வியை
அந்த மாவட்டத்துக்கு நீக்கினேன்.
ஒரே விசை. எல்லாம் பச்சை.
கொஞ்சம் கர்வம்கூட வந்தது, மறைப்பானேன்,
காபி வாங்கிக்கொண்டேன்.

மார்வா கொடுத்த பெட்டி மேசைக்கடியில் இருந்தது.
மூலப் படிவங்கள், மையால் எழுதியவை.
ஓரங்களில் அம்மாக்கள்:
எங்களுக்குப் படி இல்லை.
சோபா ஏறுவான், பரவாயில்லையா?
டிராக்டர் ஏறினாள், அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.
ஓரத்துக்கு என் அட்டவணையில் இடம் இல்லை.
சதுரங்களை மட்டுமே தட்டெழுதுகிறோம்.

இருபத்தேழாவது படிவம்.
டாரா ஹெக்ஸ்டாட்டின் மகள் ப்ரின்லி.
ஓரக் குறிப்பு படியைப் பற்றியதல்ல:
கூப்பிட்டால் வரமாட்டாள். வறட்டுப் பிடிவாதம்.
விடைகளெல்லாம் சில நேரம், சில நேரம்.
கூட்டிப் பார்த்தேன்.
அந்தப் படிக்கட்டுச் சுழியம் ஒன்றுதான்
அவளைக் கோட்டுக்குக் கீழே,
எங்கள் கண்ணில் படும்படி,
நிறுத்தி வைத்திருந்தது.
நான்தான் தூக்கிவிட்டேன். பச்சைக்கு.

சனிக்கிழமையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன் தலைக்குள்.
பதினொன்றும் ஏறினாளே, முதல் ஆளாக.
கீழே இரும்புக் கதவு அறைந்து சாத்தியபோது
நாற்பது தலைகள் திரும்பின.
எண்ணுவது என் பிழைப்பு.
அன்று எண்ணவில்லை.

டாரா மூன்றாவது அழைப்பில் எடுத்தாள்.
பின்னணியில் தொலைக்காட்சி, ஏதோ கொதிக்கும் சத்தம்.
படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்,
வேறெப்படிக் கேட்பதென்று தெரியாமல்:
பின்னாலிருந்து பெயர் சொன்னால் குழந்தை திரும்புகிறதா?
"இருங்கள், பார்க்கிறேன்" என்றாள்.
தொலைக்காட்சி நின்றது.
ப்ரின்லி, என்று கேட்டது.
கொஞ்சம் பொறுத்து, ப்ரின்லி.
பிறகு உரக்க,
உலை பொங்கி அடுப்பில் சீறும் அளவுக்கு நேரம் விட்டு,
ப்ரின்லி.

இருநூறு மைல் தள்ளி
நாற்காலியோடு நான் திரும்பினேன்.