பதினோராம் தறி

நகரியில், எங்கள் தறிக்கூடத்தில்
ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு.
ஷிப்ட் மாறும்போது எழுத வேண்டியது இவ்வளவுதான்:
எத்தனை மீட்டர், எந்தத் தறி மக்கர்,
கரண்டு எவ்வளவு நேரம் இல்லை.

யார் தொடங்கினார்களோ.
"ஏழாம் தறியில் பாவு அறுகிறது" என்பதன் கீழே
"எனக்கு முதுகு" என்று எத்திராஜ்.
தார் சுற்றும் தெய்வநாயகி
புத்தூர் பஸ்ஸில் குடையை விட்டதை
விலையோடு எழுதினாள்.
முதலாளி புரட்டிப் பார்த்தார்.
நோட்டு தீர்ந்தால் சொல்லுங்கள் என்றார்.

நான் இரவு ஷிப்ட்.
ஒரு விடிகாலை எழுதினேன்:
பதினோராம் தறி, நாடா தாவுகிறது.
பேனாவை மூடிவிட்டு, திரும்பத் திறந்து:
வீட்டில் நாலு நாளாகப் பேச்சில்லை.

அன்றிரவு அதன் கீழே
தெலுங்கில் மூன்று வரி.
பகல் ஷிப்ட் ரெட்டெப்பா.
சிக்கெடுக்காத நூல்போலச் சுருள் சுருளாக;
ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது.
பதினோராம் தறி மட்டும்
தாவாமல் ஓடியது.

விடிந்ததும் டீக்கடையில்
திருப்பதி பஸ் கண்டக்டரிடம் நீட்டினேன்.
கிளாஸைக் கீழே வைக்காமலே வாசித்தார்:
"புது பிக்கர் மாட்டியிருக்கிறேன்.
மாவு நான் ஆட்டிய அன்று
என் வீட்டில் பேசினார்கள்."
மூன்றாவது வரிக்கு மட்டும் சிரித்தார்:
"நீ எழுதியதை எனக்குப் படித்துச் சொன்னது
முதலாளி."

விசில் ஊதிக்கொண்டு அவர் ஏறிப் போனார்.
நோட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி
எதிர்க்கடையில் கேட்டேன்,
உளுந்து, அரைக் கிலோ.